பொட்டு

தாத்தாவின் கம்பு அவர் நெற்றி உயரம். எனக்கு அப்போது ஒன்பது வயது. கம்பை நட்டுவைத்தால் அண்ணாந்துதான் நுனியைப் பார்க்க முடியும். நிழலில் உலர்த்தி, வருஷக்கணக்கில் எண்ணெய் தடவிய மூங்கில். கை பிடிக்கிற இடம் மட்டும் புளியங்கொட்டை நிறத்தில் பளபளக்கும். அறுப்பு முடிந்த களத்தில் என்னை நிற்கவைப்பார். கொட்டாங்கச்சியில் கரைத்த சுண்ணாம்பில் கம்பின் நுனியைத் தொட்டெடுப்பார். நாலு எட்டு பின்னால் போவார். அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்பேன். காதோரம் ஒரு காற்று. நெற்றியில் ஈரமாக, சில்லென்று ஒரு புள்ளி. அடியும் இல்லை, உரசலும் இல்லை. எறும்பு ஏறின மாதிரி.

"கண்ண மூடுனியா?"

"இல்ல தாத்தா."

"அப்ப கம்பு எடப்பக்கமா வந்துச்சா, வலப்பக்கமா வந்துச்சா, சொல்லு."

சொல்லத் தெரியாது. மறுபடி சுண்ணாம்பு, மறுபடி நாலு எட்டு. இருட்டுவதற்குள் நெற்றி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து, சிரித்தால் தோல் இழுக்கும். வீட்டுக்குப் போனால் அம்மா, "வாங்க பண்டாரம்" என்பாள்.

சிலம்பத்தில் அதற்குப் பொட்டு வைப்பது என்று பேர். உடம்பில் தொடுகிற ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு கணக்கு உண்டு. நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை என்பார்கள் பழைய ஆட்கள். மண்டையைப் பிளக்கிற வேகத்தில் வருகிற கம்பு, தோலைத் தொட்டதும் நிற்க வேண்டும். "சுத்தறதுக்கு ஆறு மாசம் போதும்டா. நிறுத்தறதுக்குத்தான் ஆறு வருஷம்" என்பார் தாத்தா. எனக்கு அந்த ஆறு வருஷத்துக்குப் பொறுமையில்லை. சுற்றக் கற்றுக்கொண்டேன். குடியாத்தம் கங்கையம்மன் சிரசு திருவிழாவில், வைகாசி முதல் தேதி, கூட்டத்துக்கு நடுவே கம்பு சுற்றிக் கைதட்டு வாங்கினேன். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. என் குத்துச்சண்டைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் பேட் பிடித்துக்கொண்டிருந்தேன். இடது கை ஜாப் அவளுக்கு நன்றாக வரும், நூல் பிடித்த மாதிரி நேராக. ஆனால் அவள் குத்தி முடித்ததும் நான் பேடால் அவள் நெற்றிப் பக்கம் சும்மா ஒரு தட்டுக் காட்டினால் போதும், கண் மூடிவிடும். "கண்ண மூடாதம்மா" என்றேன். சொன்ன கணத்தில் வைக்கோல் வாசனை அடித்தது. அந்த வார்த்தை என்னுடையது இல்லை. நாற்பத்தாறு வருஷமாக எங்கேயோ கிடந்து என் வாய் வழியாக வெளியே வந்திருக்கிறது.

நடுவில் இருபத்துநாலு வருஷம் ராணுவம்.

எங்கள் பக்கத்தில் மிலிட்டரிக்குப் போவது பெரிய முடிவெல்லாம் இல்லை. வேலூரை ஒட்டிய கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது போய் வந்திருப்பார். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் தெருவுக்கு நாலு கறுப்பு ட்ரங்குப் பெட்டி இருக்கும், மேலே வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பேரும் எழுதி. லுங்கி நெய்வது, பீடி சுற்றுவது, தீப்பெட்டி ஒட்டுவது, இல்லாவிட்டால் ஆள் எடுக்கும்போது போய் வரிசையில் நிற்பது. 1989இல் நானும் நின்றேன். மார்பை அளந்தார்கள், ஓட விட்டார்கள், பல்லைப் பார்த்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட். குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி.

குளிர் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது. விடியற்காலையில் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவினால் முகம் தன்னுடையதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் கலந்த கூட்டம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு உடைந்த இந்தி. மற்ற ரெஜிமென்ட்காரர்கள் எங்களைத் தம்பி என்பார்கள். சின்னவன் என்ற அர்த்தத்தில் இல்லை, அது ஒரு பேர். பின்னாளில் வடக்கே எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும், எவனோ ஒரு சர்தார்ஜி "ஏய் தம்பி" என்று கூப்பிட்டால் மனசு குளிரும்.

வைக்கோல் திணித்த சாக்குப் பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். துப்பாக்கி முனையில் பேயனெட். ஓடிப்போய்க் குத்த வேண்டும், திருக வேண்டும், இழுக்க வேண்டும். குத்தும்போது ரெஜிமென்ட்டின் முழக்கத்தைக் கத்த வேண்டும்: வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு. பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் பின்னால் நின்று, "சத்தம் வயித்துலேர்ந்து வரணும்" என்பார். தமிழ்ப் பையன்களுக்கு அதில் ஒரு தனி வேகம் இருந்தது என்றுதான் சொல்வேன். இந்திக் கட்டளைக்கு உடம்பு கீழ்ப்படியும்; "அடி, கொல்லு" என்று தாய்மொழியில் கேட்டால் வேறு எதுவோ எழுந்திருக்கும். தாத்தாவின் களத்தில் ஒருநாளும் கேட்டறியாத வார்த்தைகள் இரண்டும். அவர் "தொடு" என்பார். "வை" என்பார்.

துப்பாக்கியும் பீரங்கியும் வந்த பிறகு ராணுவத்தில் கைச்சண்டை எதற்கு என்று என் மகன் ஒருமுறை கேட்டான். நியாயமான கேள்வி. முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் ராணுவம் பேர்பெற்ற குத்துச்சண்டைக்காரர்களைக் கூப்பிட்டுச் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தது. பேயனெட்டை நீட்டுவதற்கும் இடது கை ஜாபுக்கும் காலடி ஒன்றுதான் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காலத்தில் பாம்பர்டியர் பில்லி வெல்ஸ் என்று ஒருவர். பீரங்கிப் படையில் ராவல்பிண்டியில் இருந்தபோது குத்துச்சண்டையில் பேரெடுத்து, 1911இல் பிரிட்டனின் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். பழைய ஆங்கிலப் படங்களில், ராங்க் கம்பெனிப் படம் தொடங்குமுன் சட்டையில்லாத ஒருவன் பெரிய சேகண்டியை அடிப்பானே, அப்படி அடித்தவர்களில் அவரும் ஒருவர். பட்டாளத்தில் கற்ற கைவேலையை வெளியே கொண்டுவந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பனிமலையில் ஜெனரேட்டர் ஓடுகிற ரெண்டு மணி நேரத்தில் வீடியோ போட்டு நாங்கள் வாய் பிளந்து பார்த்த சக் நாரிஸ், 1958இல் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து, தென்கொரியாவில் ஓசான் தளத்தில் டாங் சூ டோ என்ற சண்டைக்கலையைப் படித்துவிட்டு, ஊருக்குத் திரும்பிப் பள்ளி திறந்தவர்தான். டேக்வாண்டோவுக்கு அந்தப் பேரை 1955இல் வைத்த சோய் ஹாங் ஹி கொரிய ராணுவத்தில் ஜெனரல்.

மகனுக்கு இவ்வளவும் சொன்னேன். அவன் கேட்டது வேறு என்று பிற்பாடு தோன்றியது.

வெலிங்டனில் எங்களுக்கு நடந்தது நோவிஸ் பாக்ஸிங். புதுசாக வந்தவர்களுக்கு இடையே. எடை பார்த்து ஜோடி போடுவார்கள். வித்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எவன் கண்ணை மூடாமல் நிற்கிறான், எவன் வாங்கியபிறகும் முன்னால் வருகிறான் என்று பார்ப்பார்கள். நான் அறுபது கிலோ. எனக்கு ஜோடியாக விழுந்தவன் என் பக்கத்துக் கட்டில்காரன், நாகர்கோவில் பக்கம். முதல் நாள் ராத்திரி என் பூட்ஸுக்கும் சேர்த்துப் பாலிஷ் போட்டவன். வீட்டிலிருந்து வந்த நேந்திரங்காய் சிப்ஸை எண்ணிப் பாதி கொடுத்தவன்.

இரண்டாவது ரவுண்டில் அவனுக்குக் கால் தடுமாறியது. என் கை ஒன்று பட்டதா, தானாகத் தடுமாறினானா, சரியாக நினைவில்லை. கை இரண்டும் கீழே இறங்கிவிட்டன. ரெஃப்ரி "ஸ்டாப்" என்று கத்தினார். அதற்கப்புறம் என் வலது கை போனது. ஹெட்கார்டு நெற்றியையும் காதையும்தான் காப்பாற்றும். மூக்கு எப்போதும் வெளியேதான். காய்ந்த அவரை நெற்றை மிதித்த மாதிரி ஒரு சத்தம்.

ஸ்டாப் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது.

ரெஃப்ரி என்னை ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார். காகிதத்தில் அவன் ஜெயித்தான், நான் தோற்றேன். ஆனால் முதுகில் தட்டியது எல்லாம் என் முதுகில். "இவன்கிட்ட ஒரு வெறி இருக்கு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த வாரமே என்னைப் பாக்ஸிங் டீமுக்கு எடுத்துக்கொண்டார்கள். டீமில் இருந்தால் காலையில் கூடுதல் முட்டை, பால். அந்த முட்டையும் பாலும் ஒரு மூக்கின் விலை.

ராத்திரி அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். மூக்கில் பஞ்சு. எனாமல் மக்கில் டீயை வாயைத் திறந்து, மூச்சை நிறுத்தி நிறுத்திக் குடித்தான். பாதி மிச்சம் வைத்து என் பக்கம் நீட்டினான்.

"லேய், உனக்கு கேக்கலியாடே?"

"கேக்கல."

"கேட்டிருக்காது. செரி. குடி."

மக்கின் விளிம்பில் லேசாக இரும்பு வாசனை. துருவா, அவன் ரத்தமா. குடித்தேன்.

பட்டாலியனுக்குப் போனபின் பத்து வருஷத்துக்குமேல் குத்தினேன். கம்பெனிகளுக்குள், பட்டாலியன்களுக்குள், அதற்குமேலும் கொஞ்ச தூரம். பெரிய ஆள் ஆகவில்லை. என் அளவு எது என்று எனக்குத் தெரியும்; ராணுவத்தின் பெரிய ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்றும் தெரியும். கௌர் சிங் ராணுவத்தில் இருந்தவர்தான், 1982 டெல்லி ஆசியப் போட்டியில் ஹெவிவெயிட் தங்கம். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 1980 ஜனவரியில், டெல்லியில் முகமது அலியோடு நாலு ரவுண்டு கண்காட்சிச் சண்டை போட்டார். எங்கள் பாக்ஸிங் கூடத்துச் சுவரில் அந்தப் படம் பத்திரிகையிலிருந்து கிழித்து ஒட்டியிருந்தது. மற்றவர்கள் அதில் கௌர் சிங்கைப் பார்ப்பார்கள். நான் அலியைப் பார்ப்பேன். அவர் நினைத்தால் என்ன செய்திருக்கலாம் என்பதை யோசித்துக்கொண்டே பேக் அடிப்பேன். நாலு ரவுண்டும் அவர் செய்யாமல் விட்டவைதான் அந்தச் சண்டை. இப்போது இதை எழுதும்போது தாத்தாவின் சுண்ணாம்பு நினைவுக்கு வருகிறது, அப்போது வரவில்லை.

தாத்தா 1996இல் போனார். நான் அப்போது காஷ்மீரில். தந்தி வந்து சேர்ந்தபோது பத்தாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. லீவில் வந்தபோது கம்பைத் தேடினேன். அப்பா அதன் நுனியில் கொக்கி கட்டி முருங்கைக்காய் பறிக்க வைத்திருந்தார். கோபப்பட எனக்கு என்ன உரிமை? கொக்கியோடே விட்டுவிட்டுப் போனேன்.

2004 கோடையில் ஆறு வாரச் சான்றிதழ் படிப்புக்காகப் பாட்டியாலா போனேன். அங்கே மகாராஜாவின் பழைய மோதிபாக் அரண்மனையில் 1961 முதல் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் நடக்கிறது. நாட்டில் கோச் ஆக நினைக்கிறவன் எவனும் என்றாவது அந்த வாசலை மிதித்தாக வேண்டும். மே மாத பஞ்சாப் வெயில். அரண்மனையாக இருந்தாலும் அனல் அனல்தான். முதல் நாள் ஒரு வயதான பயிற்சியாளர் எங்கள் கையுறைகளைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு ஜோடி பேட் கொடுத்தார். "இனிமே இதுதான் உங்க கை" என்றார்.

பேட் பிடிப்பது சும்மா காட்டிக்கொண்டு நிற்பது என்று நினைத்திருந்தேன். இல்லை. பையனின் குத்து வரும்போது பேட் ஒரு அங்குலம் முன்னால் போய் அதை வாங்க வேண்டும். அதிகம் போனால் அவன் மணிக்கட்டு மடங்கும். போகாமல் விட்டால் தோள்பட்டை இழுத்துக்கொள்ளும். சரியாக வாங்கினால் கைதட்டின மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டே பையன் சோர்ந்திருக்கிறானா, பயந்திருக்கிறானா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா என்று சொல்லிவிடலாம் என்றார் அந்தப் பெரியவர். அப்போது மிகையாகத் தோன்றியது. இப்போது எனக்கே ஓரளவு கேட்கிறது.

ரெஃப்ரிக்கு ரிங்கில் மூன்றே வார்த்தை. பாக்ஸ் என்றால் ஆடு. ஸ்டாப் என்றால் நிறுத்து. பிரேக் என்றால் ரெண்டு பேரும் ஓரடி பின்னால் வைத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். பின்னால் வைக்காமல் குத்தினால் தப்பு. பயிற்சிச் சண்டை ஒன்றுக்கு என்னை ரெஃப்ரியாக நிற்கச் சொன்னார்கள். ரெண்டு பையன்களும் மூலையில் கட்டிப் புரண்டார்கள், ஒருவன் தலை தொங்கியது. ஸ்டாப் சொல்ல வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது. பதினைந்து வருஷம் முந்திய அவரை நெற்றுச் சத்தம். பெரியவர் வெளியிலிருந்து கத்திவிட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் என்னையே ரெஃப்ரியாக நிற்கவைத்தார்.

அங்கே ஹரியானாப் பையன்கள் வாய் திறந்தால் ஹவா சிங்தான். ராணுவத்தில் சேர்ந்து குத்துச்சண்டை பழகி, 1966இலும் 1970இலும் பாங்காக்கில் ஆசியத் தங்கம் வாங்கியவர். பணி முடிந்ததும் பிவானியில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். துரோணாச்சாரியார் விருது அறிவித்தார்கள்; அது கைக்கு வருமுன், 2000 ஆகஸ்டில் போய்விட்டார். எட்டு வருஷம் கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போன ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நாலு பேர் பிவானிக்காரர்கள். அவர்களில் விஜேந்தர் வெண்கலம் வாங்கினான். அந்த ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து, நானும் ஊருக்குப் போனால் இப்படித்தான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "முதல்ல வந்து சேருங்க" என்றாள்.

2013இல் வந்து சேர்ந்தேன். நாற்பத்து மூன்று வயது. அந்த வருஷம்தான் பெரிய போட்டிகளில் ஆண்களுக்கு ஹெட்கார்டு வேண்டாம் என்று எடுத்தார்கள். எனக்கும் ஏறக்குறைய அதே நிலைமை. நாற்பத்து மூன்றில் ஒரு மனுஷனுக்கு ஓய்வு என்று பேர் வைத்து வீட்டுக்கு அனுப்புகிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். பென்ஷன் வரும், கேன்டீன் கார்டு இருக்கும், காலையில் நாலரைக்குத் தானாகக் கண் விழிக்கும், விழித்து என்ன செய்வது என்றுதான் தெரியாது. சொந்தக்காரர்கள் கேட்டது கேன்டீன் சரக்கு. வேலையென்று கிடைத்தது ஒரு வங்கியின் ஏடிஎம் வாசலில் ராத்திரிக் காவல். நீல யூனிஃபார்ம், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு லத்தி.

ராத்திரி ஒரு மணிக்குமேல் ஒரு ஈ, காக்கா வராது. தூக்கத்தைத் துரத்த எழுந்து நடப்பேன். ஒரு நாள் கையில் லத்தி இருந்த தைரியத்தில் காலடி வைத்துப் பார்த்தேன். தரையில் சதுரச் சதுர டைல்ஸ். கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. முன்னால் ரெண்டு, திரும்பி ஒன்று, பின்னால் மூன்று. மூளைக்கு மறந்தது காலுக்கு மறக்கவில்லை. ஒரு மாதம் இப்படிப் போனது. அப்புறம் மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டு, கேமராவில் நான் ஆடுவது பதிவாகியிருப்பதாகவும், குடித்திருந்தேனா என்றும் கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. ஆனால் எதிர் டீக்கடைப் பையன்கள் ரெண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். "சார், அது என்னா ஸ்டெப்பு?" என்று வந்து நின்றார்கள். என் பள்ளி தொடங்கியது அப்படித்தான்.

முதல் வாரம் இருபத்தேழு பேர் வந்தார்கள். மைதானம் கிடைத்தது, சாமான் ஒன்றும் இல்லை. பேக் நானே தைத்தேன். முதலில் ஆற்று மணலைக் கொட்டினேன். ரெண்டே நாளில் மணல் அடியில் இறங்கிக் கல்லாகி, ஒரு பையனுக்கு மணிக்கட்டு வீங்கியது. அப்புறம் தறிக்காரர்களிடம் கழிவு நூலும் லுங்கி வெட்டுத்துண்டும் மூட்டையாக வாங்கித் திணித்தேன். நல்ல பேக். குத்தினால் ஓரத்தில் கலர் கலராக நூல் எட்டிப் பார்க்கும்.

பேக் சரியாக வந்தது, நான் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பாணி உஸ்தாத் பாணி. தாமதமாக வந்தவனை மைதானத்தைச் சுற்றித் தவளை போல் தாவ விட்டேன். சிரித்தவனைத் தலைகீழாக நிற்கவைத்தேன். வயிற்றிலிருந்து கத்தினேன். மாதக் கடைசியில் ஆறு பேர் மிச்சம். ஒரு பையனின் அம்மா வந்தார். பீடிக் கட்டு வாசனை புடவையில். "நாங்க மிலிட்டரில சேக்கறதுக்கு அனுப்பல சார். சாயங்காலத்துல ஊர் சுத்தாம இருக்கட்டும்னுதான் அனுப்புனோம்" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முருங்கை மரத்தடியில் சாய்த்திருந்த கம்பின் கொக்கியைக் கழற்றினேன். மனைவி, "அப்ப காய் எப்படிப் பறிக்கறது?" என்றாள். நானே ஏறிப் பறிக்கிறேன் என்றேன். முருங்கைக் கிளை முறியும் என்று அவளுக்கும் தெரியும். புதுசாக ஒரு தொரட்டி வாங்கினோம்.

இப்போது முதல் மூன்று மாதம் கையுறை கிடையாது. கம்பும் காலடியும்தான். சிலம்பத்தின் கால் வந்தவனுக்கு ரிங்கில் மூலையில் மாட்டிக்கொள்ளும் பயம் போய்விடுகிறது. பின்வாங்குவது தோல்வி இல்லை, அதுவும் ஒரு காலடி என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. ராணுவத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். அங்கே பின்னால் வைக்கிற ஓரடிக்கு வேறு விலை.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம் என்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் கேலோ இந்தியா விளையாட்டுப் போட்டி நடந்தபோது சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் கூடவே ஒரு கூத்தும் வந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளைப் பானை மேல் நிற்கவைத்து, ஆணிப் பலகை மேல் நிற்கவைத்து, மணிக்கணக்கில் கம்பு சுற்றவிட்டு உலக சாதனைச் சான்றிதழ், கேடயம், ஃபிளெக்ஸ். பெற்றோர் என்னிடமும் வந்து, "சாதனை எப்ப சார் பண்ணுவீங்க?" என்கிறார்கள். சுற்றுவதற்கு மின்விசிறி போதுமே என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சொல்லியிருக்க வேண்டாம்.

இன்னொரு கூட்டம் ராணுவத்தின் அக்னிவீர் ஆட்சேர்ப்புக்காக வருகிறது. ஐந்தரை நிமிஷத்துக்குள் 1.6 கிலோமீட்டர் ஓடி முடித்தால் அறுபது மதிப்பெண், பத்து புல்அப்ஸுக்கு நாற்பது. ஓட வைக்கிறேன், கம்பியில் தொங்க வைக்கிறேன். நாலு வருஷம் கழித்து நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் இருபதுகளின் நடுவிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "வந்து என்ன மாஸ்டர் பண்றது?" என்று ஒருத்தன் கேட்டான். நாற்பத்து மூன்றில் வந்த எனக்கே விடை தெரிய நாலைந்து வருஷம் ஆனது. ஏடிஎம் டைல்ஸ் கதையைச் சொன்னேன். சிரித்தான். கேள்வி அப்படியே இருக்கிறது.

அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் வருகிறேன். கண்ணை மூடாதே, மூடாதே என்று ஒரு வாரம் சொல்லியும் மூடிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பேடைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் குந்தினேன். "அடி படும்னு பயமாம்மா? நான் உன்னை அடிக்க மாட்டேன்ல."

"அடிக்கு இல்ல மாஸ்டர்."

"பின்ன?"

நகத்தால் கையுறையின் வெல்க்ரோவைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினாள். "நீங்க 'ஹே'னு ஒரு சத்தம் போடுவீங்க இல்ல, அப்பத்தான் மூடிக்குது."

நான் சத்தம் போடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற பையன்களைப் பார்த்தேன். எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். பேடை நீட்டும் ஒவ்வொரு முறையும் என் வயிற்றிலிருந்து ஒன்று வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது, பன்னிரண்டு வருஷமாக, வைக்கோல் பொம்மைக்குப் போட்ட சத்தத்தின் வால்.

மறுநாள் சுண்ணாம்பு வாங்கினேன். கொட்டாங்கச்சியில் கரைத்தேன். நாலு எட்டு பின்னால் போய், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கம்பை விட்டேன். முதல் தடவை கண் மூடினாள். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, "எடப்பக்கமா வந்துது மாஸ்டர்" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

பத்து நாள் முன்னால் நாகர்கோவில்காரன் வந்திருந்தான். வேலூரில் ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் காட்ட வந்தவன், ஒரு சாயங்காலம் பஸ் பிடித்து என்னைப் பார்க்க வந்தான். முடி முழுக்க நரை. மூக்கு நடுவில் ஒரு மேடு ஏறி இடப்பக்கம் சாய்ந்தபடியே. மைதானத்தின் ஓரத்தில் சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் பார்த்தான். அன்றைக்கு ஸ்பாரிங், பயிற்சிச் சண்டை நாள். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த அந்தப் பெண் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க மூக்குக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டாள். எனக்குக் கை ஓடவில்லை.

"வண்டியிலேர்ந்து விழுந்துட்டேன் மக்களே" என்றான்.

ராத்திரி பஸ் ஸ்டாண்டில் ரெண்டு டீ சொன்னேன். சொல்லிவிடலாம் என்று முப்பத்தாறு வருஷம் கழித்து வாயைத் திறந்தேன். கேட்டது என்று. அவன் என்னைப் பேசவிடாமல் டீ கிளாஸை உயர்த்திப் பிடித்தான்.

"லேய், இன்னிக்கு நீ பதினோரு தடவ ஸ்டாப்பு சொன்ன. நான் எண்ணிட்டுதான் இருந்தேன்."

வேலூர் பஸ் வந்துவிட்டது. அவன் கிளாஸில் பாதி டீ மிச்சம் இருந்தது. என் பக்கம் நீட்டிவிட்டு ஏறிப்போனான்.